சிஸ்டைன் கூரையைக் கழுவினார்களா, சுரண்டினார்களா?

காரைச்சுவர்:
வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயக் கூரை ஓவியங்களை 1980களில் சுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் எடுத்த புகைப்படங்களை நேற்றிரவு அருகருகே வைத்துப் பார்த்தேன். தாவீதின் தந்தை ஈசாயின் பெயர் கொண்ட முக்கோணப் பகுதியில், அங்குள்ள உருவத்தின் கண்ணில் முன்பு கருவிழி இருக்கிறது; பின்பு வெறும் குழி. 450 ஆண்டுக்கு மேல் சேர்ந்த அழுக்கு, கருவிழி இருக்க வேண்டிய இடம் பார்த்தா படியும்?

தூரிகை:
ஒரு கண்ணைக் காட்டி முழுக் கூரையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அங்கே தீட்டியது ஃப்ரெஸ்கோ. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் இறங்கிய நிறம், பூச்சு இறுகும்போது அதோடு சேர்ந்து கல்லாகிவிடும். அதன்மேல் இருந்தவை மெழுகுவர்த்திப் புகையும், பின்னால் வந்தவர்கள் பளபளப்புக்காகத் தடவிய விலங்குப் பசையும்தான். அந்தப் பசை கறுத்துவிட்டது. ஏபி-57 என்ற கூழைப் பூசி, சுமார் மூன்று நிமிடத்தில் நீரில் நனைத்த பஞ்சால் எடுத்தார்கள். சுரண்டல் எங்கே வந்தது?

காரைச்சுவர்:
பசை பின்னால் வந்தவர்களுடையது என்று யார் சொன்னது? கொலம்பியா பல்கலைக்கழகக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெக் மல்லுக்கு நின்றதே இதற்காகத்தான். பூச்சு காய்ந்த பிறகு, நிழலை ஆழமாக்க மைக்கலாஞ்சலோவே பசையில் கரியைக் குழைத்துத் தீட்டியிருந்தால்? அது சுண்ணாம்பில் இறங்காமல் மேலேதான் நிற்கும். உங்கள் கூழ் அதைத்தான் முதலில் விழுங்கும். செலவை ஏற்ற ஜப்பானியத் தொலைக்காட்சிக்குப் படமெடுக்கும் உரிமை கொடுத்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மங்கலான கூரையை யார் ஒளிபரப்புவார்கள்?

தூரிகை:
பணம் வந்த வழி வேறு, வேதியியல் வேறு. மைக்கலாஞ்சலோவின் வாழ்க்கையை எழுதிய, அவர் காலத்து ஓவியர் வசாரியைப் படியுங்கள். காய்ந்த பூச்சின்மேல் நீலமும் பொன்னும் சேர்த்துச் சில இடங்களை மெருகேற்ற மைக்கலாஞ்சலோ நினைத்தார். சாரத்தை மறுபடி கட்டுவது பெரும்பாடு என்பதால் விட்டுவிட்டார் என்கிறார்.

காரைச்சுவர்:
கடைசி மெருகைக் கைவிட்டார் என்றால், நான்கு ஆண்டில் ஒரு நாள்கூட உலர்ந்த சுவரைத் தொடவில்லை என்று பொருளா? பொன் தீட்டிய அந்த வெண்கல நிறப் பதக்கங்கள் என்ன, ஈரத்தில் செய்தவையா?

வழிப்போக்கன்:
இடையில் ஒரு வார்த்தை. புளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் டோனி டோண்டோ என்ற வட்ட ஓவியம், கூரைக்கு முன்பே பலகையில் தீட்டியது. ஏபி-57 அதைத் தொடவில்லை. ஆனாலும் மரியாளின் உடையில் ரோஜாவும் நீலமும் கண்ணைப் பறிக்கின்றன. சுத்தம் செய்த கூரையில் தீர்க்கதரிசி தானியேலின் ஆடையையும் பாருங்கள். மயில்கழுத்துப் பட்டைத் திருப்பினால் நிறம் மாறுவதுபோல, மஞ்சள் மடிப்புக்குள் பச்சையாகிவிடுகிறது. பழைய படங்களில் அந்த இடமெல்லாம் காப்பி டிகாஷன் நிறம்.

காரைச்சுவர்:
நிறம் பளிச்சென்று இருந்தது என்பதை நான் மறுக்கவேயில்லை. நிழல் எங்கே போனது என்பதுதான் கேள்வி. தானியேலைக் காட்டி ஈசாயை மறைக்காதீர்கள்.

தூரிகை:
சரி, ஒளிப்பானேன்? அந்தக் கண்ணுக்கு என்னிடம் பதில் இல்லை. அது உலர்வேலையாக இருந்திருக்கலாம், போயிருக்கலாம். அதற்காகத் தானியேலை மறுபடியும் புகைக்குள் அனுப்பச் சொன்னால் மாட்டேன்.

காரைச்சுவர்:
அனுப்பச் சொல்லவில்லை. ஓரங்களில் கழுவாமல் விட்ட சிறு கறுப்புக் கட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றையாவது இனி யாரும் தொடாமல் இருக்கட்டும். தானியேலின் பழைய படம் இருந்தால் இங்கே போடுங்கள், வழிப்போக்கன். அந்த மஞ்சளை நான் கவனித்ததில்லை.