பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க், கேஸில் போட்டால் 'டிக் டிக்' என்கிறது

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். 2013-இல் வாங்கிய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. அதிலிருந்த 500 ஜிபி, இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பி 3.0 கேஸில் (டிஸ்க்கை வெளியே வைத்து யூஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டி) போட்டேன். விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றத் தொடங்கி, 'டிக் டிக்' என்று நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் இருந்தவரை சத்தமே கிடையாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் எப்போதாவது தலைகாட்டினால், இனிஷியலைஸ் (புது டிஸ்க் போலத் தயார்) செய்யச் சொல்கிறது. நான் தொடவில்லை, உள்ளே தங்கச்சி கல்யாணப் படங்கள்.

வேறு கேபிள், அண்ணன் வீட்டு டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட் எல்லாம் பார்த்தாச்சு. டிஸ்க் லேபிளில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருக்கிறது, யூஎஸ்பி 3.0 போர்ட் தருவது 900 மில்லி ஆம்பியர். மின்சாரம் போதவில்லையோ என்பதுதான் என் சந்தேகம். தக்கலையில் ஒரு கடைக்காரர் பார்த்ததுமே 'ஃபார்மேட் அடிச்சிரலாம்' என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் போட்டுப் பார்க்கலாமா, இல்லை இந்தச் சத்தத்தோடு இனி ஓட்டவே கூடாதா?