“அக்கானி என்றா போட்டிருக்கிறது?”

*நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கதைகளை வாசித்தபோது வாசகர்கள் மூவருக்கு நேர்ந்த அனுபவங்கள்*

மார்த்தாண்டத்திலிருந்து

தினமும் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். சாலை ஒழுங்காக இருந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஒழுங்காக இருந்த நாள் எனக்கு ஓர்மையில்லை. அந்தப் புண்ணியத்தில் வருடத்துக்கு இருபது நாவல்களாவது சன்னலோரத்தில் முடிந்துவிடுகின்றன.

சென்ற பங்குனியில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலை இரண்டாம் முறையாக எடுத்திருந்தேன். 1964இல் வந்த நாவல். சாமியார்மடத்தில் ஏறிய ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் மடியிலிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலை நீட்டி ஒரு சொல்லின்மேல் வைத்தார். நகத்தைவிட நகத்தைச் சுற்றியிருந்த தோல் தடித்திருந்தது.

“அக்கானி என்றா போட்டிருக்கிறது?”

“ஆமாம், பாட்டா.”

“அச்சிலேயா?”

கடைப் பலகைகளில் பதநீர் என்றுதான் அவர் பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்கிற சொல் புத்தகத்தில் ஏறும் என்று அவர் நினைத்ததே இல்லை. காலையும் மாலையுமாகத் தான் ஏறிய பனைகளைச் சொன்னார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மரம் உரசி மார்பில் காய்த்துக் கறுத்திருந்த இடத்தைக் காட்டினார். எழுதியவர் பனையேறிக் குடும்பமா என்று கேட்டார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஓர் அம்மா என்றேன். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைச் சொல்லியிருக்கிறாரா, பார் மக்களே. தடவாவிட்டால் அது அக்கானி இல்லை, கள்.”

தேடினேன். சட்டென்று கண்ணில் படவில்லை. அவர் விடாமல் கதையைக் கேட்டார். பழைய பெருமை மிச்சமிருக்கும் வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ், நடுவில் ஒரு கொலை, பழி என்று முளகுமூடு தாண்டுவதற்குள் சொல்லி முடித்தேன். ஒரு நாவலை இப்படிக் கொத்திப்போட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அழகியமண்டபத்தில் எழுந்தவர், படிக்கட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்ததா?”

“நடந்தது, பாட்டா.”

“கதையில்தானே” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

முதல் வாசிப்பில் அந்த முடிவு கொஞ்சம் இனிப்பாகிவிட்டதாக எனக்கு ஒரு குறை இருந்தது. இப்போது அதைத் துணிந்து சொல்ல முடியவில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து

எனக்கு இப்படி வீட்டுக்குள்ளேயே நடந்தது. தோப்பில் முஹம்மது மீரான் எங்கள் ஊர்க்காரர். மலையாள வழியில் படித்துவிட்டுத் தமிழில் எழுத வந்தவர். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் 2019 மே மாதம் காலமான செய்தி வந்த வாரத்தில், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்து உம்மும்மாவுக்கு வாசித்துக்காட்டத் தொடங்கினேன். அவருக்கு எழுத்து தெரியாது.

இரண்டு பக்கம் போவதற்குள் நிறுத்தச் சொல்வார். வடக்கு வீட்டு முதலாளி என்று வந்ததும் அது யார் வீடு என்று விசாரணை தொடங்கிவிட்டது. கற்பனை என்று சொல்லிப்பார்த்தேன். “கற்பனை என்றால் கடலுக்கு ஏன் நம் கடலை வைத்தார்?” என்றார். இலக்கியக் கூட்டங்களில் இதற்கு நீளமாகப் பதில் வைத்திருக்கிறோம். அவரிடம் ஒன்றும் செல்லவில்லை.

ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் பகுதியை வாசித்த அன்று மட்டும் அவர் குறுக்கே பேசவில்லை. வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடாததற்கு வீட்டில் சொன்ன காரணமும் இதுதான் என்றார். எண்பத்திரண்டு வயதில் முதன்முறையாகச் சொன்னார். அடுத்த நாள் பழையபடி யார் வீடு, யார் தோப்பு என்று ஆரம்பித்துவிட்டார்.

நாகர்கோவிலிலிருந்து

அக்கானி போன்ற நம் ஊர்ச் சொற்களைப் பற்றி ஒரு வழக்கு எனக்கும் உண்டு. சென்னையில் அறை நண்பனுக்கு நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலைக் கொடுத்தேன். இரணியல் பேச்சு நிறைந்த புத்தகம், 1968இல் வந்தது. முப்பது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னால் சொல்லகராதி போட்டிருக்கலாமே என்றான். மதுரைப் பேச்சுக்கும் கோவைப் பேச்சுக்கும் அவன் அகராதி கேட்டதில்லை. சினிமா அவனுக்கு அவற்றைப் பழக்கிவிட்டது.

2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்கு சர்வதேச புக்கர் கிடைத்தபோது அவனே அந்தச் செய்தியை அனுப்பினான். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பாஸ்தி, கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் ஒதுக்காமல், அடிக்குறிப்பும் போடாமல் அப்படியே விட்டவர். லண்டனில் இருப்பவன் ஒரு கன்னடச் சொல்லோடு மல்லுக்கட்டலாம், தாம்பரத்தில் இருப்பவன் இரணியல் சொல்லோடு மல்லுக்கட்டக் கூடாதா என்று கேட்டேன். புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டான். எட்டு மாதம் ஆகிறது; வாசித்தானா என்று தெரியவில்லை, புத்தகமும் வரவில்லை.

இன்னொன்று. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலில் வரும் புளியமரம் எங்கே நின்றது என்று கேட்டு வரும் நண்பர்களுக்கு நான் இதுவரை மூன்று இடங்களைக் காட்டியிருக்கிறேன். மூன்று இடத்திலும் மரம் கிடையாது. யாரும் ஏமாற்றமடைந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மீண்டும் மார்த்தாண்டத்திலிருந்து

சொல்லகராதியைப் பற்றி: நான் சேர்க்கக் கூடாது என்ற கட்சி. பின்பக்கம் புரட்டுகிறவன் கதையை விட்டு இறங்கிவிடுகிறான்.

அந்தப் பெரியவருக்காக ‘புத்தம் வீடு’ இன்னொரு பிரதி வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு வரும் இடம் அகப்பட்டால் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணம். சாமியார்மடத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், இதுவரை ஏறவில்லை. அவருக்கு வாசிக்க வருமா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஒரு சொல்லை அவரே எழுத்துக்கூட்டித்தான் கண்டுபிடித்தார், நான் சத்தமாக வாசிக்கவில்லையே என்றேன்.