சினகாக்குகள் (யூதர்களின் ஜெப ஆலயங்கள்) இணையத்தில் நிதி சேர்க்கும் முறை எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சரிவருமா?

நிலாவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் மடப்பள்ளிக் கூரை போன மாரியில் விழுந்துவிட்டது, இப்போது அன்னதானச் சமையல் தகரக் கொட்டிலுக்குள்தான். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்போம் என்று நிர்வாக சபையில் எல்லாரும் சொல்கிறார்கள், எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. இணையத்தில் நிதி சேர்க்கும் கோஃபண்ட்மீ தளம் இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு போடாது, பேபாலில் இங்கிருந்து அனுப்பலாம், வாங்க முடியாது. கனடாவில் இருக்கும் மச்சான், யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்துக்கு ஒரே நாளில் பெரிய தொகை சேர்க்கிறார்கள், அதைப் பாருங்கள் என்றார். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதர்ஸ்ட் வீதி:
தம்பி, நான் டொராண்டோவில் ஒரு சினகாக் அலுவலகத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள், அதை முறையாகக் கடைப்பிடிப்பவர்கள் காசைத் தொடமாட்டார்கள். சனம் நிறைந்த நாளில் தட்டு ஏந்த வழியே இல்லை. அதனால் வருடச் சந்தா, அப்புறம் வாக்குக் கொடுத்துப் பிறகு கட்டுவது என்று பழகிவிட்டார்கள். அவர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூர் இரவில் எழுதவும் கூடாது, ஆகவே பல இடங்களில் தொகைகள் அச்சிட்ட அட்டை இருக்கும், தரப்போகும் தொகைக்கு நேரே ஓரத்தை மடித்துவிட்டால் போதும்.

ஒரு நாள் சேர்ப்பு என்பதும் இதே பழக்கம்தான். சாரிடி (Charidy) மாதிரி நிதி சேர்க்கும் இணையத் தளத்தில் 24 அல்லது 36 மணி நேரம் பக்கம் திறந்திருக்கும். ஆனால் அதற்குப் பல வாரம் முன்பே வசதியான சிலரிடம் பேசி, மற்றவர்கள் தரும் ஒவ்வொரு டொலருக்கும் நாங்களும் ஒரு டொலர் தருகிறோம் என்று உறுதி வாங்கியிருப்பார்கள். அன்றைக்குத் தொண்டர்கள் உட்கார்ந்து ஆளாளுக்குத் தங்கள் சொந்தக்காரரை, கூடப் படித்தவர்களைப் போனில் அழைப்பார்கள். அந்த அழைப்பு இல்லாமல் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால் ஒன்றும் வராது தம்பி, நான் கண்ணால் பார்த்தது. நாங்கள் 101, 501 என்று வைப்பதைப் போல அவர்கள் 18, 36, 180 என்று தருவார்கள், ஹீப்ரூவில் உயிர் என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும்.

ஆலடி அக்கா:
இறந்தவரின் நினைவு நாளை அவர்கள் யார்ட்சைட் என்பார்கள், அன்றைக்கு அவர் பெயரில் கொடை கொடுப்பது வழக்கம். நம்மிடம் திவசமும் திருவிழா உபயமும் இருக்கின்றனவே. "கூரைக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், உங்கள் அப்பாவின் திவச நாள் அன்னதானம், கூரைக்கு இந்தப் பத்துத் தகடு என்று கேளுங்கள் தம்பி. பெயர் போட விரும்பாதவருக்கும் இடம் வையுங்கள். தருபவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியாத கொடையை, தானத்தின் எட்டுப் படிகளில் மிக உயர்ந்ததற்கு அடுத்த படியில் வைத்தார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ்.

இன்னொன்று. எங்கள் கோயில் கோபுரத்துக்கு என்று வெளிநாட்டில் ஒருவர் தன் சொந்தப் பெயரில் பக்கம் திறந்து சேர்த்தார். இரண்டு வருடமாகியும் கணக்கு வரவில்லை. தன் நகையை விற்றுக் காசு அனுப்பிய என் சித்தி இன்றும் அந்த வாசலுக்குப் போவதில்லை. தனியாள் கணக்கு வேண்டவே வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் திருமலை:
அக்கா சொன்னது சரி. இங்கே பிரித்தானியாவில், பதிவு பெற்ற அறநிலையம் வழியாக வாங்கினால், வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் கிஃப்ட் எய்டாக அரசிடமிருந்து 25 பென்ஸ் கூட வரும். இங்குள்ள சினகாக்குகளும் இதைத்தான் செய்கின்றன. பதிவுள்ள ஒரு கோயில் அறக்கட்டளையிடம் உங்கள் சபை எழுத்தில் கேட்கட்டும். காசு கோயில் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும், எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள்.

நிலாவெளியான்:
நன்றி அக்கா, அண்ணாமார். ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது. கூரை மதிப்பீட்டையும், ஊரிலிருந்து போன குடும்பங்களின் பட்டியலையும் திவச நாளோடு எழுதத் தொடங்கிவிட்டேன், இதுவரை நாற்பத்தொரு வீடு. பாதர்ஸ்ட் அண்ணா, அந்த மடிக்கிற அட்டையின் படம் ஒன்று கிடைக்குமா? கொடியேற்றத்துக்கு முன் இங்கேயும் அச்சடித்துப் பார்க்கலாம்.