கரண்ட் போய் வந்ததும் பில்லிங் கண்டெய்னர் எழுந்திருக்கவே மாட்டேங்குது

கெடிலம்கரை:
மஞ்சக்குப்பத்துல மாமா கடைங்க. பழைய பிசி ஒண்ணுல உபுண்டு போட்டு பில்லிங்கை டாக்கர்ல (ஒவ்வொரு புரோகிராமையும் கண்டெய்னர்ங்கற தனி டப்பாவுல ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டுறேன், முன்னாடி வெப் சர்வரா என்ஜின்எக்ஸ் கண்டெய்னர், பிரவுசர் வழக்கமா வந்து தட்டுற 80ம் போர்ட்ல. மூணு வாரம் ஒரு தொந்தரவும் இல்ல. நேத்து கரண்ட் போய் மெஷின் ரீஸ்டார்ட் ஆச்சு, கல்லாவுல இருக்கற பையன் போன் பண்றான், "அண்ணே ஸ்க்ரீன்ல 'இட் ஒர்க்ஸ்'னு செவப்பா வருது, ஆனா ஒண்ணும் ஒர்க் ஆவல"ங்கறான். ரீஸ்டார்ட் பாலிசி (கண்டெய்னர் நின்னா தானா எழுப்புற செட்டிங்) ஆல்வேஸ்னு தான் குடுத்திருக்கேன், அப்புறம் ஏன் வரல?

லாஸ்பேட்டை லினக்ஸ்:
பையன் சொன்னதுலயே விடை இருக்கே ஜி 😄 அது அப்பாச்சிங்கற இன்னொரு வெப் சர்வரோட டீஃபால்ட் பேஜ். ஹோஸ்ட்ல, அதாவது கண்டெய்னருக்கு வெளிய மெஷின்லயே, அப்பாச்சி முந்திக்கிட்டு 80ஐ புடிச்சிருக்கு. சுடோ போட்டு எஸ்எஸ் கமாண்ட் ஓட்டிப் பாருங்க, போர்ட்டை யாரு வச்சிருக்கான்னு பேரோட காட்டும். பாலிசியை நம்பாதீங்க, கண்டெய்னர் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகி 10 செகண்டாவது நின்னா தான் அது வேலையே செய்யும், போர்ட் கிடைக்காம முதல் அடியிலயே விழுந்ததை டாக்கர் திரும்பி கூட பாக்காது.

கெடிலம்கரை:
பாத்தேன், அப்பாச்சி தான். ஆனா சத்தியமா நான் அதை இன்ஸ்டால் பண்ணவே இல்லைங்க

சில்வர்பீச் சர்வர்:
பிஎச்பி போட்டீங்களா தம்பி? ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) வெறும் பிஎச்பின்னு, அதான் வெப்சைட் எழுதற அந்த லாங்குவேஜை, கேட்டா அது கூடவே அப்பாச்சியும் வந்து உக்காந்துக்கும், வந்த கையோட பூட்ல ஸ்டார்ட் ஆகுற மாதிரி தன்னைத்தானே எனேபிள் பண்ணிக்கும். ஸ்டாப் குடுத்தா இந்த பூட்டுக்கு மட்டும் தான். டிசேபிள் பண்ணுங்க, அப்பவும் வேற ஏதாவது எழுப்பி விடும்னு பயமா இருந்தா மாஸ்க் பண்ணிடுங்க, அப்புறம் எதாலயும் ஸ்டார்ட் பண்ண முடியாது. ஹோஸ்ட்லயும் அப்பாச்சி வேணும்னா அதை 8080க்கு தள்ளுங்க.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
ஆனா எல்லா சர்வீஸையும் இப்படி கண்ணை மூடிட்டு நிறுத்தாதீங்க. வீட்ல பை-ஹோல் (விளம்பரத்தை தடுக்கற டிஎன்எஸ் சர்வர்; டிஎன்எஸ்னா சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்தற வேலை) போடும்போது, டிஎன்எஸ்க்கான 53ம் போர்ட்டை உபுண்டுவோட சொந்த டிஎன்எஸ் சர்வீஸ் சிஸ்டம்டி-ரிசால்வ்டு வச்சிருந்துச்சு, நான் பாட்டுக்கு அதை நிறுத்திட்டேன், அப்புறம் பாத்தா மெஷினுக்கே டிஎன்எஸ் இல்ல, பை-ஹோலோட டாக்கர் இமேஜை டவுன்லோட் பண்ண கூட முடியல, போன்ல ஹாட்ஸ்பாட் மாத்தி மாத்தி பாத்து ஒரு மணி நேரம் போச்சு. அங்க 53ஐ புடிச்சிருக்கற ஸ்டப் லிஸனர்ங்கற பகுதியை மட்டும் ஆஃப் பண்ணி, எந்த டிஎன்எஸ் சர்வரை கேக்கணும்னு சொல்ற ரிசால்வ் கான்ஃப் ஃபைல் சரியான எடத்தை காட்டுதான்னு பாத்தா போதும்.

கெடிலம்கரை:
டிசேபிள் பண்ணி, கண்டெய்னரை கையால ஒரு தடவை ஸ்டார்ட் குடுத்தேன். ரெண்டு தடவை ரீபூட் பண்ணிட்டேன், வருது. ஹிஸ்டரியை தோண்டிப் பாத்தா மூணு வாரம் முன்னாடி அப்பாச்சிக்கு ஸ்டாப் போட்டதும் நானே தான், அதுக்கு நாலு வரி மேல பிஎச்பி போட்டதும் நானே தான் 🤦 மாமாகிட்ட கரண்ட் மேல பழிய போட்டுட்டேன், யாரும் சொல்லிடாதீங்க.