ஆடிஷன் வீடியோ போனில் எடுப்பது எப்படி? (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா)

கேள்வி: மலையாளப் படத்துக்கு ஆடிஷன் வீடியோ கேட்டிருக்காங்க. நடிச்சுப் பழக்கமே இல்லீங்க. போன் மட்டும்தான் இருக்கு. எப்படி எடுக்கணும்?

பதில் 1: போனைக் குறுக்கா, கண் மட்டத்துல நிறுத்துங்க. நெஞ்சுக்கு மேல தெரிஞ்சாப் போதும். ஜன்னல் முகத்துக்கு நேரா இருக்கணும்; பின்னால இருந்தா மூஞ்சி கறுத்துரும். ஃபேனை நிறுத்திருங்க. எதிர்வசனம் சொல்றவர் லென்ஸை ஒட்டி நின்னு மெதுவாப் பேசட்டும், இல்லைன்னா அவர் குரல்தான் பெருசாக் கேட்கும். நீங்க அவரைப் பாருங்க. பேரு, வயசு, உயரம் சொல்றப்ப மட்டும் லென்ஸைப் பார்த்தாப் போதும்.

பதில் 2: மலையாள வசனமா? 'ழ' நமக்குச் சிக்கலே இல்லை, 'ற்ற'தான் காட்டிக்கொடுக்கும். 'காற்று'ல ரகரச் சத்தம் துளியும் வரக்கூடாது. பக்கத்து வீட்டுச் சேட்டனைச் சொல்லச் சொல்லிக் கேளுங்க.

பதில் 3: பதிவுக் கட்டணம்னு கேட்டா அங்கேயே விட்டுருங்க. கூலி அவங்கதான் தரணும்.