தைப்பொங்கல் விழாவில் கரைவலை இழுத்துக் காட்டலாமா?

கோணமலை வாசகன்:

திருகோணமலையிலுள்ள எங்கள் வாசிகசாலை வரும் தைப்பொங்கலையொட்டி இரண்டு நாள் "வாழும் வரலாறு" நிகழ்வொன்றை நடத்த எண்ணியிருக்கிறது. பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பை ஒட்டுவதோடு நில்லாமல், பழைய தொழிலைச் செய்துகாட்டி, பழைய உணவைச் சமைத்துக்காட்டி, பார்க்க வருபவரையும் அதில் கைவைக்க விடும் நூதனசாலைகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஸ்டொக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் திறந்த ஸ்கான்சென் அவற்றுக்கு மூத்தது. சுவீடனின் பல பகுதிகளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மீண்டும் பொருத்திய வீடுகளும் கட்டடங்களும் அங்கே ஏறத்தாழ 150 உள்ளன. நமக்கு அண்மையில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா 1996 முதல் தென்னிந்திய வீடுகளையும் கைவினைஞர்களையும் ஒரே வளவுக்குள் வைத்து இயங்கி வருகிறது.

நம் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலே இங்கிலாந்தில் இப்படியொரு நூதனசாலையின் நடுவில் மிதக்கிறது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி (திருகோணமலையின் ஆங்கிலப் பெயர்) என்ற போர்க்கப்பல், இன்று ஹார்ட்டில்பூல் துறையில் பழைய துறைமுகத் தெருவொன்றின் மாதிரிக்கு நடுவே நிற்கிறது. அங்குள்ள பிள்ளைகள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித் தங்கள் கடல் வரலாற்றைப் படிக்கிறார்கள். இயற்கைத் துறைமுகத்தையே வாசலில் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் காட்டுகிறோம் என்று எண்ணியபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எங்கள் திட்டம் இதுதான். முதல் நாள் உரல் உலக்கையில் நெல் குற்றுதல், மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்தல், கம்படித்து ஆடும் களிகம்பு. இரண்டாம் நாள் காலை உப்புவெளிக் கடற்கரையில், பழைய உடை உடுத்திய இளைஞர்கள், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டோடு, கரையில் நின்று இழுக்கும் கரைவலையை இழுத்துக் காட்டுவார்கள். மாலையில், போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியதைப் பாடசாலை மாணவர்கள் அரைமணி நேர நாடகமாக நடிப்பார்கள். உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறோம்.

கரைவலைக்காரர் மகள்:

அண்ணன், முயற்சிக்கு நான் எதிரானவள் அல்ல. ஆனால் தை மாதத்தில் கரைவலை இழுத்துக் காட்டுவோம் என்று எழுதியிருப்பதைப் படித்தவுடன், திட்டத்தை வகுத்தவர்கள் கடற்கரையில் ஒருவரிடமும் கேட்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையில் கடல் அடித்துக்கொண்டே இருக்கும். வலை ஏற்றிய தோணியை அலைக்கு வெளியே தள்ளவே முடியாது. கரைவலை பங்குனி அளவில் இறங்கி, கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுவதும் நடந்து, புரட்டாதியோடு ஓயும் தொழில். தையில் நீங்கள் காட்டப்போவது கடலில் இறங்காத வலையை மணலில் இழுப்பது மட்டும்தான்.

என் அப்பா கரைவலை இழுத்தவர். விடியப்புறம் தோணி, கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டுவிட்டுப் போய், அரைவட்டமாக வலையை விட்டபடி மறு தலையோடு தூரத்தில் கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் பிரிந்து நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மீன் சேரும் மடி கரையை அண்டும்போது அம்பாவின் வேகம் மாறும். அம்பாவை நாம் பாட்டு என்று சொன்னாலும், அத்தனை பேரின் காலும் தோளும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போவதற்கான அளவு அது. கயிற்றில் பாரம் இல்லாமல் பாடினால் மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பதே பாடுபவருக்குத் தெரியாது. அப்பாவின் உள்ளங்கையில் விரல்களின் அடியில் தோல் தடித்து மஞ்சளாக இருந்தது. அவர் என் தலையைத் தடவும்போது அந்தத் தோலில் என் மயிர் சிக்கும். அந்தக் கையோடு இருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போது, வேறு யாருக்கோ பழைய உடையை உடுத்தி அவர்களைப்போல நடிக்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது பல கரைகளில் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கிறது. உண்மையைக் காட்டுவதானால் அதையும் காட்டுங்கள்.

தம்பலகாமத்தான்:

தங்கச்சி சொன்ன பருவக் கணக்கில் பிழையே இல்லை. கரைவலையைத் தையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் "செய்பவர் மட்டுமே காட்ட வேண்டும், செய்யும் முறைப்படியே காட்ட வேண்டும்" என்பதை எல்லாவற்றுக்கும் விதியாக்கினால், எங்கள் வயலில் காட்ட ஒன்றுமே மிஞ்சாது. இன்று பெரும்போக வேளாண்மையை வெட்டுவதும் சூடு அடிப்பதும் ஒரே இயந்திரம். காலையில் நின்ற வயல் மாலைக்குள் மூட்டையாகிவிடுகிறது. சூடு மிதிக்கும் களமான களவெட்டியில் மாடு சுற்றுவதையும், வைக்கோலைக் கிளறும் வேலைக்காரன் கம்பையும் என் பிள்ளைகள் கண்டதில்லை. களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்ல வேண்டும் என்று என் பாட்டனார் அதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. இந்தச் சொல்லை நடிப்பாகவாவது ஒரு தடவை களவெட்டியில் நின்று சொல்லிக் காட்டாவிட்டால் அது எங்கள் தலைமுறையோடு போய்விடும். தொழில் உயிரோடிருக்கும் கடற்கரைக்கு ஒரு முறை, தொழில் போய்விட்ட வயலுக்கு இன்னொரு முறை என்று பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

நாடகத்தைப் பொறுத்தவரை நான் வாசகனின் பக்கம். கோயில் இடிந்த கதையைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துபோகிறார்கள். கண்ணால் கண்டால்தான் மனதில் நிற்கும்.

கிண்ணியா ஆசிரியர்:

தம்பலகாமத்து அண்ணன் சொன்ன பிரிவுக்கு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில் 1947இல் தொடங்கிய பிளிமத் நூதனசாலையில், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குடியேறிகளின் ஊரில் நிற்பவர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே நடித்துப் பேசுகிறார்கள். ஏனென்றால் அந்தக் குடியேறிகள் இன்று இல்லை. சற்றுத் தள்ளியிருக்கும் வம்பனோக் குடியிருப்பில் நிற்பவர்களோ பூர்வகுடி மக்களேதான். மரத்தைச் சுட்டுக் குடைந்து ஓடம் செய்யும்போதும், பானையில் சமைக்கும்போதும், அவர்கள் யாராகவும் நடிப்பதில்லை. இன்றைய மனிதராக நின்று, "எங்கள் முன்னோர் இப்படிச் செய்தார்கள், நாங்கள் இன்று இப்படி இருக்கிறோம்" என்ற முறையில் பேசுகிறார்கள். வயலில் நடிப்பு இருக்கட்டும். கரையில் கரைவலைக்காரரே தம் குரலில் பேசட்டும். களிகம்புக்கும் இதுவே பொருந்தும். அதற்கு ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார் இருக்கிறார். அவரைக் கேட்காமல் இளைஞர்களுக்குக் கம்பைக் கொடுத்து ஆடவிடுவது முறையல்ல.

நாடகத்தை நான் ஏற்கவில்லை. வேர்ஜினியாவிலுள்ள வில்லியம்ஸ்பேர்க் நூதனசாலையில் 1994 ஒக்டோபர் 10ஆம் திகதி அடிமைகளை ஏலம் விடும் காட்சியை நடித்தபோது, கறுப்பின உரிமை அமைப்புகள் அங்கேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தன. பார்த்து முடித்தபின் எதிர்த்தவர்களில் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் உண்மை. ஆனால் அதைத் திட்டமிட்டு முன்னின்று நடித்தவர்கள் அந்த நூதனசாலையின் கறுப்பின வரலாற்றுப் பிரிவில் பணியாற்றியவர்கள்; அந்த வலியைத் தங்கள் குடும்ப வழியாகவே சுமந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்து அரைமணியில் முடிக்கும் காரியமாக அதை எண்ணிவிடக் கூடாது. அதோடு, பல சமூகங்கள் நெருக்கமாக வாழும் ஊர் இது; மேடையில் ஒருவர் மற்றவரின் கோயிலை இடிப்பதைக் கண்டு திரும்பும் பிள்ளை அதை எந்தப் பெயரோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் என்பதை, ஆசிரியர் என்ற முறையில், நான் கவலையோடு பார்க்கிறேன்.

கரைவலைக்காரர் மகள்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோட்டை வாசலைக் கடந்தே நாம் கோணேசர் கோயிலுக்குப் போகிறோம். அந்த மதிலின் அருகில் பிள்ளைகளை நிறுத்தி, இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே போதும். அதற்கு மேடையும் உடையும் வேண்டியதில்லை.

கோணமலை வாசகன்:

கரைவலையைப் பற்றி நாங்கள் கடற்கரையில் கேட்காதது எங்கள் தவறு. அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். நேற்று மாலை வாசிகசாலையில் பேசி, தை நிகழ்வை ஒரு நாளாக்கி நெல்லுக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஒதுக்கினோம்; கரைவலையை வைகாசிக்கு மாற்றினோம். ஸ்கான்செனில்கூட நடுக்கோடை விழாவை நடுக்கோடையிலும் லூசியா என்ற ஒளி விழாவை டிசம்பர் 13ஆம் திகதியிலும்தான் கொண்டாடுகிறார்கள். காலத்தைப் பிடுங்கி நம் வசதிக்கு நடுவதை அவர்கள் செய்வதில்லை என்பதை நான் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

நாடகத்தின் இடத்தில் வேறொன்றை வைக்க விரும்புகிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத்தளத்திலும் குண்டு வீசியதை நேரில் கண்டவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கக்கூடும். அன்று பத்து வயதில் இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அவர்களை மேடைக்கு அழைக்காமல், வீட்டுக்குப் போய், அவர்கள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, அந்த ஒலியை நிகழ்வில் கேட்க வைக்கலாம். இதற்குப் பருவமும் வேண்டாம். இந்தக் கிழமையே தொடங்க வேண்டும்.

தம்பலகாமத்தான்:

ஒலிப்பதிவை வரவேற்கிறேன், எங்கள் பக்கத்து முதியவர்களிடம் நானே கூட்டிச் செல்கிறேன். நாடகத்தைக் கைவிட்டதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆசிரியரின் கவலை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இடித்தவர் நேற்றைய அயலவர் அல்லர், கடல் கடந்து வந்த போர்த்துக்கேயர் என்பதைத் தெளிவாகச் சொல்லி நடித்தால் அந்தக் கவலைக்கு இடமிராது. அடுத்த கூட்டத்தில் இதை மீண்டும் எழுப்புவேன்.

கரைவலைக்காரர் மகள்:

வைகாசி சரி, அண்ணன். எங்கள் கரையில் இன்னும் கையால் இழுப்பவர்களிடம் பேசினேன். வர விருப்பம் என்றார்கள். அவர்கள் கேட்பது இரண்டுதான். பார்க்க வருபவர்கள் கயிற்றைப் பிடிக்க விரும்பினால் கடைசியில் நின்று பிடிக்க வேண்டும், நடுவில் புகுந்து அணியைக் குழப்பக் கூடாது. மடியில் படுவது சூடையோ நெத்தலியோ, ஒன்றுமே படாமல் வெறும் வலையாக வந்தாலும், இழுப்பவர்களுக்குரிய அன்றைய பங்கை வாசிகசாலை கொடுத்துவிட வேண்டும். மீன் பட்டால் அது இழுத்தவர்களுக்கே.