வெள்ளையர் அரசு நிறவெறியை ஏன் கைவிட்டது? கடன், கூலி, வாக்குப் பேரம்

தென்னாப்பிரிக்கா என்றதும் எல்லோரும் 1990 பிப்ரவரி 2 அன்று தடைகளை நீக்கி அதிபர் டி கிளார்க் ஆற்றிய உரையிலிருந்துதான் பேசுகிறார்கள். 1985 ஜூலைக்குப் போக வேண்டும். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட அந்த மாதமே, தவணை முடியும் குறுகிய காலக் கடன்களை இனிப் புதுப்பிப்பதில்லை என்று அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கைவிரித்தது. மற்ற வங்கிகளும் அதே வழி. வெளிக்கடன் சுமார் 24 பில்லியன் டாலர். பாதிக்கு மேல் ஓராண்டுக்குள் அடைக்க வேண்டியது. ஆகஸ்ட் 15 அன்று டர்பனில் சீர்திருத்தம் அறிவிப்பார் என எதிர்பார்க்கப்பட்ட அன்றைய அதிபர் போத்தா, விரலை ஆட்டி உலகத்தை மிரட்டிவிட்டுப் போனார். நாட்டின் நாணயமான ராண்டு சரிந்தது, பங்குச்சந்தையை மூடினார்கள், செப்டம்பரில் அசலைத் திருப்புவதையே நிறுத்தி வைத்தார்கள்.

—

அதற்குப் பிறகு நடந்ததுதான் கழுத்தை நெரித்தது. புதுக்கடன் கிடைக்காவிட்டால், பழைய கடனை அடைக்க இறக்குமதியை விட ஏற்றுமதி எப்போதும் கூடுதலாக இருந்தாக வேண்டும். ஆனால் தொழிற்சாலை இயந்திரமெல்லாம் வெளியிலிருந்து வருபவை. தொழில் கொஞ்சம் சூடு பிடித்தால் இறக்குமதி ஏறும், டாலர் கையிருப்பு கரையும், உடனே வட்டியை ஏற்றித் தொழிலை அடக்க வேண்டியதுதான். முக்கிய ஏற்றுமதியான தங்கமும் கைகொடுக்கவில்லை: 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர், 1985 தொடக்கத்தில் 300க்கும் கீழே.

—

கடன் கணக்கு சரி. கூலிக் கணக்கு அதற்கும் முந்தியது. சுரங்கத்துக்கு ஒப்பந்தக் கூலி போதும். தொழிற்சாலைக்குப் படித்த, நிலையாகத் தங்கும் தொழிலாளி வேண்டும். அந்த வேலைகளை நிரப்ப வெள்ளையர் போதவில்லை. கறுப்பினத் தொழிலாளர்களின் 1973 டர்பன் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு முதலாளிகளுக்கே பேரம் பேச ஒரு சங்கம் தேவைப்பட்டது. 1979இல் கறுப்பினத்தவர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. 1986இல், கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்களும் போயின.

—

1984இன் மூன்று அவை நாடாளுமன்றத்தையும் விட்டுவிடக் கூடாது. வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. பெரும்பான்மைக் கறுப்பினத்தவருக்குப் பூஜ்யம். அவைகள் முரண்பட்டால் தீர்ப்பது அதிபர் மன்றம். அதன் 60 பேரில் 20 பேர் வெள்ளையர் அவையின் தேர்வு, 25 பேர் அதிபரின் நியமனம். எண்ணிப் பார்த்தால் சூது புரியும்! நேட்டால் மாகாணத் தமிழர் உள்ளிட்ட இந்திய வாக்காளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் வாக்குச்சாவடிக்குப் போனார். கலப்பினத்தவரையும் இந்தியரையும் துணைக்குச் சேர்க்கும் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

—

ஏன் 1990 என்பதற்கு 1989இல் பெர்லின் சுவர் விழுந்ததுதான் விடை. சோவியத் பலம் சரிந்ததும், மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசைக் காட்டிக் கம்யூனிசப் பூச்சாண்டி விடுவது எடுபடவில்லை. பேரம் பேச அதைவிட நல்ல நேரம் வெள்ளையர் அரசுக்கு வாய்க்காது. 1992 மார்ச்சில் வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பில் 68.7% பேர் பேச்சுவார்த்தைக்கு ஆதரவு. ஆட்சியை விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கும் சொத்துரிமைக்கும் உத்தரவாதம் வாங்கினார்கள். 400 இடங்களில் 80 பிடிக்கும் கட்சிக்குத் துணை அதிபர் பதவி என்பதும் ஒப்பந்தம். 1994 தேர்தலில், அதுவரை ஆண்ட வெள்ளையர் கட்சியான தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 82.